கைப்புநீர் வரலாறு

சென்ற ஐப்பசித் திங்களில் அடைமழை விட்ட மூன்றாம் நாள், பொதட்டூர்பேட்டையில் நாம் பணிபுரியும் பள்ளிக்கு அணித்தான தெருமுனையில், பேரூராட்சிப் பணியாளர் இருவர் பெரியதோர் அண்டாவை வைத்துக்கொண்டு வருவார் போவார்க்கெல்லாம் நிலவேம்புக் குடிநீர் வழங்கிக்கொண்டிருந்தனர். நம் மாணாக்கர்கள் வரிசையாக நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நகைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்காகக் குடித்து, முகஞ் சுளித்து ஓடினர். அவர்களுள் ஏழாம் வகுப்புச் சிறுவனொருவன் நம்மை அணுகி, "ஐயா, இந்தக் கசப்புத் தண்ணீரைக் கவர்மெண்டார் எந்த வருஷம் கண்டுபிடித்தார்கள்?" என்று வினவினான்.

நாம் நகைத்தோம். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா உள்ளத்தை உறுத்திற்று. அச்சிறுவனது இல்லம் நாம் அறிந்ததே. மூன்று தலைமுறையாகத் தறியோசை ஓயாத வீடு. அவன் கொள்ளுப்பாட்டியார் இந்நீரை எத்தனை முறை காய்ச்சி எத்தனை பிள்ளைகளுக்குப் புகட்டியிருப்பாரென்று கணக்கிட ஒண்ணாது. அவ்வம்மையாரின் கொள்ளுப்பேரன், அதனை அரசினர் கண்ட புதுப்பொருளென்று எண்ணுகின்றான். குற்றம் அவனுடையதன்று, அவனுக்குச் சொல்லாத நம்முடையது. ஆதலின் இக்கைப்புநீர் நம் இல்லங்களில் இருந்தவாறும், இடையிற் புட்டிக்குள் புகுந்தவாறும், அப்புட்டி மறைந்தவாறும், மீண்டும் அண்டாவில் தெருவுக்கு வந்தவாறும் நாம் அறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கைப்பென்பது செந்தமிழ் வழக்கு. கசப்பென இந்நாளிற் கூறுகின்றோம். சித்த மருத்துவ நூலார் அறுசுவைகளையும் ஐம்பூதக் கூட்டுறவாற் பகுத்தவிடத்து, கைப்பு காற்றும் வானும் கூடியதென்பர். அது பித்தத்தையும் ஐயத்தையும் தணிக்கும். அளவு மிகுந்தால் வாதத்தை எழுப்பும் என்பது அவர் கொள்கை. இவ்விரண்டாம் பகுதியை நேயர்கள் மறவாதிருத்தல் வேண்டும். மருந்தைக் கூறிய வாயே அதன் எல்லையையும் கூறிவைத்தது.

நம்மவர் இல்லங்களிற் கைப்பு தொட்டிலிலேயே தொடங்கிற்று. பிறந்த குழவிக்கு உரைமருந்தென்று ஒன்று உண்டு. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு ஆகியவற்றை உரைகல்லில் இரண்டொரு சுற்று உரைத்துத் தாய்ப்பாலிற் குழைத்து நாவில் தடவுவர். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு வயிற்றுப் பூச்சிக்காக வேப்பங்கொழுந்தோடு ஓமமும் உப்பும் சேர்த்தரைத்த சுண்டைக்காயளவு உருண்டை. பெரியவர்களுக்கோ உணவே மருந்தாயிற்று: பாகல், சுண்டைவற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ ரசம். நம்மூர் எல்லையூராதலால், தெலுங்கர் வீடுகளில் உகாதிப் பச்சடியிலும் தமிழர் வீடுகளிற் சித்திரை முதனாட் பச்சடியிலும் அதே வேப்பம்பூ மிதக்கக் காணலாம். மொழி இரண்டாயினும் வேம்பு ஒன்றே.

நெசவுத் தொழிலோர்க்குக் கைப்பின் தேவை பிறரினும் மிகுதி. தறிக்குழியில் இறங்கி, மிதியை உழக்கி, பகல் முழுதும் வயிறு மடங்க இருந்தவிடத்திலேயே இருப்போர்க்குப் பசி மந்தித்தலும் மலங்கட்டுதலும் இயல்பு. மழைக்காலத்திலோ குழியின் ஈரமும் கொசுவும் உடன் சேரும். பாவு காயாமல் வேலை நின்று, கூலியும் இன்றிக் காய்ச்சலும் வந்தால் அவ்வீட்டின் நிலையை நாம் விரிக்க வேண்டுவதில்லை. இவ்விதழைப் படிப்போரிற் பலர் பட்டறிந்ததே. அந்நாட்களில் அடுப்பில் ஏறும் மண்கலயத்துள் இருந்தது நிலவேம்பு.

எம் பாட்டியார் அதனைக் காய்ச்சும் முறையை இன்றும் கண்முன் காண்கின்றோம். அளவுக்கு அவர் உள்ளங்கைக் குழியே மரக்கால். நாலு பங்கு நீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை அடுப்பை விட்டு நகரார். காலையிற் காய்ச்சியதை மாலைக்கு வைக்கமாட்டார். மூன்று நாளென்றால் மூன்று நாள். நான்காம் நாட் காலையிற் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். இன்னும் ஒரு நாள் கொடுத்தாலென்னவென்று எம் தந்தையார் கேட்டால், "கசப்பு குடலிலே தங்கக் கூடாதப்பா" என்பதே விடை. வயிற்றிற் பிள்ளையோடிருக்கும் பெண்ணுக்கு அதில் ஒரு துளியும் கொடார். நூல் ஒன்றும் படியாத அவ்வம்மையாருக்கு, கைப்பு மிகின் வாதம் எழும் என்னும் நூற்பொருள் கையளவாகவும் நாட்கணக்காகவும் வந்து சேர்ந்திருந்தது.

இனிச் செடியைப் பற்றிச் சிறிது. நிலவேம்பு முழங்காலளவு உயரும் பூண்டு, தண்டு நாற்கோணம், இலைகள் எதிரெதிராய் ஈட்டி முனைபோல் நீண்டிருக்கும், வெண்மலரில் ஊதாப்புள்ளி காணும். வேர் முதற் கொழுந்துவரை கைப்பல்லது வேறு சுவையில்லை. வேம்பென்னும் பெயர் கைப்பினால் வந்ததேயன்றி உறவினால் வந்ததன்று; உறவுமுறை பார்ப்பின் இஃது ஆடாதோடைக்கே பங்காளி. தெலுங்கர் 'நேலவேமு' என்பர்; பொருள் அதுவே. சிலர் சிறியாநங்கை என்றும் வழங்குவர். வங்காளத்தார் 'மகாதீதா', அஃதாவது பெருங்கைப்பு, என்றனர். அங்கே தாய்மார் இதன் இலைச்சாற்றோடு ஏலமும் இலவங்கமும் பட்டையும் சேர்த்து உலர்த்திய சிற்றுருண்டைகளைக் குழந்தைகளின் வயிற்றுநோய்க்குக் கொடுத்துவந்தனர். நம் உரைமருந்துக்கு அஃதொரு வடநாட்டுத் தங்கை.

ஆங்கில மருந்து நூல்களில் இதற்கு வழங்கிய பெயர் 'கரியாத்' என்பது. இது 'கிராததிக்தம்' என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. கிராதர் வேடர், திக்தம் கைப்பு, ஆகவே வேடர் கைப்பு. உண்மையில் அவ்வடசொல் இமயமலைச் சாரலில் வளரும் வேறொரு கைப்புப் பூண்டுக்கு உரியது. சுவை ஒத்தமையால் அதன் பெயர் நம் பூண்டின்மேல் வந்தமர்ந்தது; கடைக்காரர் ஒன்றற்கு ஒன்றை விற்கும் மாறாட்டமும் உடன் வந்தது. வேடர்குலக் கொடியாகிய வள்ளியை மணந்து முருகன் வீற்றிருக்கும் தணிகைமலைக்கு அருகே வாழ்வோர்க்கு, மருந்தின் பெயரிலும் வேடர் வந்து நின்றது இனிப்பாகவே இருக்கின்றது. தமிழாசிரியன் இத்தகைய இடங்களில் நின்றுவிடுவது வழக்கம்; நேயர்கள் பொறுத்தருள்க.

வெள்ளையர் மருத்துவர்கள் நம் கடைச்சரக்குகளை ஆராய்ந்தெழுதிய பழைய நூல்களுள் ஒன்று சென்னையிலேயே வெளிவந்தது என்பது நமக்குப் பெருமை தருவது. ஒயிட்லா எயின்ஸ்லி என்பார் 1813-இற் சென்னையில் இந்துஸ்தானத்து மருந்துப் பொருள்களைப் பற்றியதொரு நூலை அச்சிட்டார். அதனையே விரித்து 1826-இல் இலண்டனில் இரு பாகங்களாக வெளியிட்டார். சரக்குகளின் தமிழ்ப்பெயர்களை அவர் விடாது குறித்திருத்தலின், இருநூறாண்டுக்கு முற்பட்ட நம் கடைத்தெருவை அதிற் காணலாம். பின்னர் 1868-இல், திருவாங்கூர் அரண்மனை மருத்துவராயிருந்த எட்வர்ட் ஜான் வாரிங் பதிப்பாசிரியராக இருந்து, இந்திய அமைச்சரின் ஆணைவழி, இந்தியாவிற்கென்று ஓர் அதிகார மருந்து நூல் வெளிவந்தது. அதில் நம் நிலவேம்பு இடம்பெற்றது. பாட்டியாரின் கலயத்தில் இருந்த பூண்டு அரசினரால் ஒப்புக்கொள்ளப்பட்ட மருந்தாயிற்று. சிறுவன் வினாவியதற்கு ஆண்டு கூறித்தான் ஆகவேண்டுமாயின் 1868 என்று கூறலாம். அதுவும் கண்டுபிடித்த ஆண்டன்று, கண்டுகொண்ட ஆண்டு.

அந்நூல் நிலவேம்புக்கு இரண்டு ஆக்கமுறைகள் கூறுகின்றது. ஒன்று, பூண்டோடு ஆரஞ்சுத் தோலும் கொத்துமல்லி விதையும் இடித்திட்டுக் கொதிநீரில் ஊறவைத்து வடிப்பது. இது நம் குடிநீருக்கு அணித்து. மற்றொன்று டிங்சர். நிலவேம்பு வேர் 6 அவுன்ஸ், வெள்ளைப்போளம் 1 அவுன்ஸ், கரியபோளமாகிய மூசாம்பரம் 1 அவுன்ஸ். இவற்றை 2 பைண்ட் பிராந்தியில் இட்டு, மூடிய பாத்திரத்தில் 7 நாட்கள் ஊறவைத்து, இடையிடையே குலுக்கி, பிழிந்து வடித்தல் வேண்டும். சிறு கரண்டிக் கணக்கில் உண்ணத்தக்கது. காய்ச்சல் விட்டபின் தோன்றும் தளர்ச்சிக்கும் பசியின்மைக்கும் மலச்சிக்கலுக்கும் இதனைக் கொடுத்தனர். போளம் இரண்டும் பெயரளவில் உடன்பிறப்புக்கள், பொருளால் வேறு. வெள்ளைப்போளம் அரபுநாட்டு மரத்தின் பிசின். கரியபோளம் கற்றாழைச் சாற்றை இறுகக் காய்ச்சியது. நாட்டுமருந்துக் கடையில் வெறுமனே போளமென்று கேட்பவன் எதனைப் பெறுவானென்பது கடைக்காரர் மனத்தைப் பொறுத்தது.

சாராயத்தில் ஊறவைப்பது ஏன்? நீரில் இறங்காத சாரமும் சாராயத்தில் இறங்கும், கெடாமலிருக்கும், கப்பலிலும் வண்டியிலும் தொலைவழி செல்லும். நாம் காலையிற் காய்ச்சியது மாலையிற் புளிக்கும். அவர்கள் ஊறவைத்தது ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஐரோப்பியர்க்கு இவ்வகைக் கைப்பு ஊறல்கள் நெடுநாட் பழக்கம். சுவீடன் நாட்டில் உர்பன் யேர்னே (1641-1724) என்னும் மருத்துவர் பெயரோடு சார்த்தி வழங்கும் கைப்பு ஊறலொன்று உண்டு; மூசாம்பரமும் வெள்ளைப்போளமும் சேர்ந்த அவ்வகைக் கூட்டை இந்நாளிலும் அந்நாடுகளில் வீட்டு மருந்தாக வைத்திருப்போர் பலர். தென்னமெரிக்காவில் அங்கோஸ்துரா என்னும் நகரில் சீகர்ட் என்னும் ஜெர்மானியப் படைமருத்துவர் 1824-இற் கூட்டிய கைப்புநீர் பிற்காலத்தே மதுக்கிண்ணத்திற் சொட்டுச் சொட்டாக விடும் பொருளாய்விட்டது. மருந்து மதுவோடு கூடின் எவ்வழிச் செல்லும் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டா. நிற்க; மூசாம்பரமும் போளமும் இட்ட அவர்களது பழைய புட்டியில் நம் வேர் இறங்கியதே 1868-ஆம் ஆண்டுக் கூட்டென்பது நம் கருத்து.

மறு ஆண்டிலேயே, திருவல்லிக்கேணி மருந்தகத்தில் இருந்த முகைதீன் ஷெரீப் என்னும் சென்னை மருத்துவர் அந்நூலுக்கு ஓர் அநுபந்தம் எழுதினார். ஒரே பூண்டுக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களையும், ஒரே பெயர் பல பூண்டுகளுக்கு வழங்கும் இடர்ப்பாட்டையும் அவர் எடுத்து ஆராய்ந்தார். தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் எல்லையூர்களில் வாழும் நமக்கு, அவ்வுழைப்பின் அருமை நன்கு விளங்கும். யாழ்ப்பாணத்து மானிப்பாயிலோ, 1847-இல் அந்நாட்டிற்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். வாரிங்கின் நூலும் அவற்றுள் ஒன்று. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சரக்கு மீண்டும் தமிழுக்கு வந்தது. இப்பொழுது அந்நூல்களைப் புரட்டுவார் அருகினர்.

டிங்சர் நம்மவர் இல்லங்களில் எவ்வளவு புகுந்தது? பெரும்பாலும் புகவில்லையென்றே நினைக்கின்றோம். பிராந்தி விலைப்பொருள், நம்மவர் கூலித் தொழிலாளர். ஆயினும் எம் வீட்டுப் பரணில் தடித்த பழுப்புக் கண்ணாடிப் புட்டியொன்று இருந்தது. பாட்டியார் அதில் ஓமத்திரவம் ஊற்றி வைத்திருந்தார். அது முதலில் எதற்கு வாங்கியதென்று கேட்டபோது, தம் மாமனார் காலத்துக் 'கசப்பு டிங்சர்' புட்டியென்றும், அவர் இராத்திரிதோறும் வயிற்றுவலி என்று சொல்லி ஒரு கரண்டி குடிப்பாரென்றும், "வயிற்றுவலி எங்கே இருந்தது, வாயிலே இருந்தது" என்றும் கூறி நகைத்தார். எம் குலமுதல்வரைப் பற்றி இவ்வாறு எழுதுதல் தகுமோ என்று இரண்டு நாட்கள் எண்ணிப் பார்த்தே எழுதினோம்.

அப்புட்டி மறைந்தமைக்குக் காரணம் இரண்டு. முதலாவது கொயினா. 1860-இற் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொணர்வித்த சிங்கோனாச் செடிகள் நீலகிரியிற் பயிராயின. அதன் பட்டையிலிருந்து எடுத்த கொயினாவுக்கு ஈடான முறைக்காய்ச்சல் மருந்து அந்நாளில் இல்லை. வாரிங் நூல் நாட்டுக் கைப்புகளைத் தேடியதே, விலையேறிய கொயினாவுக்கு மாற்றுக் கிடைக்குமோ என்னும் ஆவலாலும் ஆகும். முறைக்காய்ச்சலின் கிருமியைக் கொல்வதில் நிலவேம்பு கொயினாவுக்கு நிகராகவில்லை. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் ஒன்று குறிக்கத்தக்கது. கொயினாவை நம் மக்கள் தயங்காது ஏற்றுக்கொண்டமைக்கு அதன் கைப்பே காரணமென்பது நம் துணிபு. இனிப்பாக இருந்திருப்பின் காய்ச்சல் மருந்தென்று நம் பாட்டிமார் நம்பியிரார்.

இரண்டாவது மதுவிலக்கு. இராஜாஜி 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் கதரோடு மதுவிலக்கையும் தொழிலாகக் கொண்டதும், 1929-இல் 'விமோசனம்' என்னும் மதுவிலக்குத் திங்களிதழை நடத்தியதும் பலர் அறிவர். தறியிற் பெற்ற கூலி சந்தி தாண்டுமுன் கள்ளுக்கடையிற் கரைந்த துயரம் நெசவுத் தெருக்கள் அனைத்துக்கும் பொது. 1937-இற் சேலத்திற் சட்டம் தொடங்கிற்று. 1938-இற் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு வந்தது. திருத்தணி வட்டம் அக்காலத்திற் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1911 முதல் அங்ஙனமிருந்து, மொழிவழி எல்லைப் போராட்டத்தின் பின் 1960 ஏப்ரல் முதல் நாளன்றே தமிழகத்தோடு சேர்ந்தது. ஆகவே சென்னை நகருக்கு 1948-இல் வந்த மதுவிலக்கு நம் பகுதிக்குப் பத்தாண்டு முன்னரே வந்தது. எல்லையூரார் என்று நம்மை இகழ்வார்க்கு இதனைச் சொல்லலாம்.

கள்ளுக்கடை மூடியதும் சிலர் கண் மருந்துக்கடைமேற் சென்றது. இஞ்சி டிங்சரைப் புட்டி புட்டியாக வாங்கிக் குடித்து உடல் கெட்டார் எத்துணையோ பேர். அதனாற் சாராயம் சேர்ந்த மருந்தெல்லாம் ஐயத்துக்குரியதாகி, உரிமமும் கட்டுப்பாடும் சூழ்ந்தன. 1955-இல் அத்தகைய மருந்துகளின் தீர்வைக்கென்று இந்தியா முழுமைக்கும் தனிச்சட்டமே பிறந்தது. கைப்பு டிங்சர் இவ்வாறு இல்லத்திலிருந்து விலகிற்று. விலகியது நன்றேயென்போம். கலயத்தில் இருந்தபொழுது அம்மருந்தின் அளவு பாட்டிமார் கையில் இருந்தது. புட்டிக்குச் சென்றபின் குடிப்பவன் கைக்கு மாறிற்று. எம் கொள்ளுப்பாட்டனாரின் வயிற்றுவலி அதற்குச் சான்று.

கலயத்துக்கு உரிமமும் வேண்டியதில்லை, உரியவரும் இல்லை. ஆதலின் அது தங்கிற்று. 1921-இல் சென்னை அரசினர் அமைத்த உஸ்மான் குழு நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்தது. 1924-இல் சித்தம், ஆயுள்வேதம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் பள்ளி சென்னையில் தொடங்கிற்று. அதற்கு முன்பே, 1911-இல், கோர்ட்டர் என்னும் டச்சு வேதியியலார் இப்பூண்டின் கைப்புச் சத்தைத் தனியே பிரித்தெடுத்திருந்தார். அதற்கு ஆண்டிரோகிராபோலைட் என்று பெயர். செடி பூக்குந் தறுவாயில் அச்சத்து மிக்கிருக்குமென்பர். பூக்கொத்து வெளிப்படும் நாளிற் பறிக்க வேண்டுமென்று எம் பாட்டியார் சொல்லி வந்ததும் அதுவே.

பின்னர் ஆங்கில மாத்திரைகள் மலிந்த காலத்திற் கலயமும் பரணேறிற்று. நாம் கல்லூரியை விட்டுப் புதிதாக வேலைக்கு வந்த 2006-இல் சிக்குன்குன்யா என்னும் மூட்டுமுடக்குக் காய்ச்சல் தமிழகமெங்கும் பரவிற்று. தறியில் உட்காரவும் எழவும் ஒண்ணாது நம் தெருவினர் பட்ட பாடு இன்னும் நினைவில் உள்ளது. அப்பொழுதே சித்த மருத்துவர்கள் நிலவேம்புக் குடிநீரை எடுத்துக்காட்டினர். 2012-இல் டெங்கு கடுமையாகப் பரவியபோது, ஜெயலலிதா முதலமைச்சராயிருந்த அரசினர் இதனைப் பொது இடங்களில் வழங்கச் செய்தனர். அக்குடிநீரிற் கூடுவன ஒன்பது: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு. 2017-இல் இதனைக் குடித்தால் மகப்பேறு அற்றுப்போமென்று ஒரு வதந்தி கிளம்பிற்று. 1990-இல் வெள்ளெலிகளுக்கு இலைத்தூளைப் பலநாட் கொடுத்துக் கண்ட முடிவொன்று அதற்கு வித்து. பின்னர் நிகழ்ந்த வேறு சில ஆராய்ச்சிகள் அத்தீங்கைக் காணவில்லை. 2020-இற் கொரோனாத் தொற்றின்போது வழங்கிய கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளுள்ளும் நிலவேம்பு ஒன்று. சயாம் நாடாகிய தாய்லாந்தினர் 1999-இலேயே இதனைத் தம் இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்துச் சளி முதலியவற்றுக்கு வழங்கி வருகின்றனர்.

இதுவரை கூறியது பெருமை. இனிக் கூறப்போவது வேறு. இதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகையில், நம் வகுப்பு மாணவனொருவனுக்குக் காய்ச்சல் கண்டது. அவன் வீட்டார் நல்லவர். பிள்ளைமேல் உயிரை வைத்தவர். குடிநீரைப் பெற்றுக் காலை நண்பகல் மாலை மூன்று வேளையும் புகட்டினர். இரத்தப் பரிசோதனை வேண்டாவென்று விட்டனர். நான்காம் நாட் காய்ச்சல் தணிந்தது. மருந்து வேலை செய்ததென்று மகிழ்ந்து, நம்மிடமும் வந்து சொல்லிச் சென்றனர். நாமும் உடன் மகிழ்ந்தோம். மறுநாட் பொழுது சாயுமுன் பிள்ளைக்கு வயிற்றுவலியும் வாந்தியும் கண்டு, கைகால் சில்லிட்டு, நினைவு தளர்ந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நகரத்து மருத்துவமனைக்கு விரைந்தோம். வழியில் அவன் தாயார் ஒரு சொல்லும் பேசவில்லை. எவர்சில்வர்க் குவளையொன்றை மடியிற் பிடித்தபடியே இருந்தார். அதில் அன்று மாலைக்கான குடிநீர் இருந்தது.

பிள்ளை பிழைத்தான். மூன்று நாட்கள் குழாய்வழி நீரேற்றினர். அங்கிருந்த இளமருத்துவர் நமக்குச் சொன்னதை அப்படியே எழுதுகின்றோம். டெங்குவில் அஞ்சத்தக்க காலம் காய்ச்சல் எரியும் காலமன்று. அது தணியும் காலம். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள்வரை, சூடு இறங்கும்போதே சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் அதிர்ச்சியுறும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், சோர்ந்து மயங்குதல் இவற்றுள் ஒன்று கண்டாலும் அக்கணமே மருத்துவமனை சேர்தல் வேண்டும். அவர் சித்த மருத்துவத்தை இகழவில்லை. "கஷாயம் கொடுங்கள் ஐயா, ஆனால் பார்த்துக்கொண்டே இருங்கள்" என்றார்.

அச்சொல்லைக் கேட்டபோது எம் பாட்டியாரின் நினைவு வந்தது. அவர் மூன்று நாட் கணக்கு வைத்ததும், அருகிலேயே அமர்ந்து நாவையும் நெற்றியையும் நீரையும் பார்த்துக்கொண்டிருந்ததும் அம்மருந்தின் பாதியென்று அன்றே விளங்கிற்று. குடிநீரை மட்டும் நாம் மீட்டுக்கொண்டோம்; அளவையும் காவலையும் மீட்கவில்லை. டெங்குவை இக்குடிநீர் ஐயமறத் தீர்க்குமென்று முடிவு கூறத்தக்க பெரும் பரிசோதனை இதுகாறும் வந்திலது. பசியெழவும் வாய்க்கசப்பு நீங்கவும் உடல்தேறவும் துணையாகக் கொள்வோர் கொள்க. கருவுற்றோர் தவிர்த்தல் வேண்டும். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து உண்பார் தம் மருத்துவரைக் கேளாது தொடர்ந்து குடித்தலாகாது. அரிதாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் உண்டாகும். 2015-இல் ஆஸ்திரேலிய அரசினர் இதுபற்றியே எச்சரிக்கை விடுத்தனர்.

பாம்புக்கடியைப் பற்றியும் ஒரு சொல். சிறியாநங்கை இலையைக் கொடுத்துக் கைப்புத் தெரிந்தால் விடம் ஏறவில்லை, தெரியாவிட்டால் ஏறிற்று என்று பார்க்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் உண்டு. இச்சோதனை செய்துகொண்டிருக்கும் காலமே உயிர் போகுங் காலமாகும். விடமுறிவுக்கு உரிய ஊசிமருந்து மருத்துவமனையில் உள்ளது. அதற்கு வேண்டிய நஞ்சை மாமல்லபுரத்துக்கு அணித்தே இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் 1978 முதல் பாம்புகளிடமிருந்து எடுத்துத் தருகின்றனர். வேடர் மரபினர் தந்த மருந்தே வேண்டுமென்பார்க்கும் அதுவே தக்கது.

செடியைப் பற்றி ஒன்று எஞ்சியிருக்கின்றது. அண்டாவிற் குடித்த மாணாக்கரை மறுநாள் பள்ளி வேலிப்புறம் அழைத்துச் சென்று நிலவேம்பைக் காட்டுமின் என்றோம். முப்பத்திரண்டு பேரில் ஒருவனும் காட்டவில்லை. ஒருத்தி குப்பைமேனியைக் காட்டினாள். அவர்களை நகைக்க நமக்கு உரிமையில்லை. சந்தையில் நிலவேம்பென்று நாமே ஒருமுறை வாங்கிய கட்டில் பாதி வேறு தழையென்பதை வாயிலிட்ட பின்னரே அறிந்தோம். அன்று தொடங்கிப் பள்ளியின் கிழக்கு வேலியோரம் இரண்டு பாத்திகள் எடுத்து மாணாக்கரைக் கொண்டே விதைத்தோம். ஆடி மழைக்கு முளைத்தவை இப்பொழுது இடுப்பளவு நிற்கின்றன. தணலில் வாடாமல் நிழலைத் தேடி வளரும் இயல்பின ஆதலால் வேப்பமரத்தடியே அவற்றிற்கு உவப்பாயிற்று. நிலவேம்புக்கு வேம்பு நிழல் தருவது காண அழகாகவே இருக்கின்றது.

விதை வேண்டும் அன்பர்கள் வந்து பெற்றுக்கொள்ளலாம். காய் முற்றினாற் பட்டென வெடித்து விதையைத் தொலைவிற் சிதறிவிடும். ஆதலின் தை பிறக்குமட்டும் காத்திராமல், மார்கழியில், வெயில் ஏறுமுன் காலை வேளையில் வருக. வருவோர் பிள்ளைகளையும் உடன் அழைத்து வருக. இலை எதுவென்று காட்டும் பொறுப்பை அந்த ஏழாம் வகுப்புச் சிறுவனிடம் ஒப்புவித்திருக்கின்றோம்.